கயிறு தொய்ந்த கோடை

படகுத்துறையில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள், ஏனென்றால் உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பின்னே என்ன? அடுத்தவர் கட்டின முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டாமல் அவளால் இருக்கவே முடியாது. புருஷன் கட்டியதானாலும் சரி, பக்கத்துப் படகுக்காரன் கட்டியதானாலும் சரி. "ஏம்மா, அது எங்க படகு!" என்று ஒருவன் கத்தினதற்கு, "படகு உன்னுது, கண்ணு என்னுது. உறுத்துதே, என்ன செய்யட்டும்?" என்றாளாம்.

குடும்பத்துக்குச் சிப்பி வளர்ப்புத்தான் தொழில். மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் கடலுக்குத் திறந்த வாய், நடுவில் காற்றடங்கிய தண்ணீர். அந்தத் தண்ணீரில், மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, தடித்த கயிறு ஒன்று நீளமாக ஓடும். அதற்கு ஒரு வரிசை என்று பெயர். இரண்டு முனையிலும் பீப்பாய் அளவுக்கு ஒவ்வொரு மிதவை, அடியில் நங்கூரம். இடையில் சின்ன மிதவைகள். தடித்த கயிற்றிலிருந்து கீழ்நோக்கித் தொங்குகயிறுகள் விட்டு, அவற்றில் குஞ்சுச் சிப்பிகளை வலைத்துணியால் சுற்றிவிட்டால் போதும். அவை கயிற்றைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் மிதந்து வருகிற கண்ணுக்குத் தெரியாத தீனியைத் தின்று தாமே வளரும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? இருக்கும், இருக்கும். சிப்பி வளர வளரக் கனம் ஏறும். கனம் ஏற ஏறக் கயிறு அமுங்கும். அதனால் பயிர் வளர்கிற காலம் முழுக்கப் படகில் போய் மிதவை கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் கயிறு தரையைத் தொடும், கீழே காத்துக்கொண்டிருக்கிற நட்சத்திர மீன்கள் கயிற்றில் ஏறி வந்து மொத்தத்தையும் தின்று தீர்த்துவிடும். கறார் அக்காவின் வரிசைகள் என்றைக்கும் அமுங்கினதில்லை. கரையிலிருந்து பார்த்தால் மிதவைகள் நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

அவளுக்கு வாய்த்த கொழுந்தனோ இதற்கு நேர் எதிர். துறையில் அவனுக்கு நிதானம் என்று பெயர். வீடு பற்றிக்கொண்டாலும் டம்ளரில் மிச்சமிருக்கிற டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த சின்னப் பையன், தாயில்லாப் பிள்ளை. அவள்தான் தலை துவட்டிவிட்டாள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தாள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினால் போய்த் தலைகுனிந்து நின்றாள். இன்றைக்கு நாற்பதைத் தொடப் போகிறான். கல்யாணம் என்று பேச்செடுத்தால், "பாத்துக்கலாம் அண்ணி" என்பான். இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான்.

அவள் திட்டுவாள். அவன் சிரிப்பான். புருஷன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். அந்த வீட்டின் சத்தமே அதுதான்.

கடல் மாறத் தொடங்கியதை யார் முதலில் கவனித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். முன்பெல்லாம் குளிர் விட்டதும் முதுகில் புள்ளி வைத்த வெள்ளி மீன் ஒன்று கூட்டம் கூட்டமாக விரிகுடாவுக்குள்ளேயே வரும், பிள்ளைகள் படகுத்துறைப் பாலத்தில் உட்கார்ந்தே பிடிப்பார்கள். அது வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. பிறகு வெளிக்கடலில், ஆழத்தில் வலை இறக்குகிற பெரிய படகுகளுக்குத்தான் கிடைத்தது. அது போன இடத்துக்கு வரிவரியாய் ஒரு மீன் வந்து சேர்ந்தது. பெயர் யாருக்கும் தெரியாது. சூடான ஊர்த் தண்ணீரிலிருந்து வந்தது என்றார்கள். புருஷன் அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தார், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து தின்கிறதே என்று. குஞ்சுச் சிப்பிகளைக் கொத்திக் கொத்தித் தின்றது சனியன்.

கடலாய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் அவ்வப்போது வருவாள். கயிற்றில் வரிசையாக வெப்பமானிகள் கட்டித் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பாள். முடிச்சை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவள் என்பதால் கறார் அக்காவுக்கு அவளைப் பிடிக்கும். ஒருநாள் கரைக்கொட்டகையில் டீ குடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஒவ்வொரு உயிருக்கும் ஒரு அளவுச் சூடு இருக்குக்கா. மேல் தண்ணி அதைத் தாண்டிடுச்சுன்னா, நீந்தத் தெரிஞ்சது கீழ போயிடும், இல்ல குளிர்ந்த பக்கமாப் போயிடும். உங்க வெள்ளி மீன் செத்துப் போகல. வீடு மாத்திக்கிச்சு, அவ்வளவுதான்."

கறார் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "மீன் போயிடும். எங்க சிப்பி எங்கம்மா போகும்? நாங்கதானே அதைக் கட்டிப் போட்டிருக்கோம்."

அந்தப் பெண் ஈரக் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். "அதான்க்கா எனக்கும் கவலை" என்றாள்.

சண்டை வந்தது அந்தக் கோடையின் தொடக்கத்தில். விரிகுடா வாய்ப்பக்கம், ஆழம் அதிகமான இடத்தில், கடைசி இரண்டு வரிசைகள் நிதானத்தின் பொறுப்பு. அங்கே அலை அடிக்கும், படகு ஆடும், போய்வர நேரமாகும். மிதவை கூட்டியாகிவிட்டதா என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவன் தலையாட்டியிருக்கிறான். அது என்ன தலையாட்டல் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒருநாள் அவள் கொட்டகைக்குப் பின்னால் பழைய வலை எடுக்கப் போனாள். அங்கே, அந்த இரண்டு வரிசைக்கென்று எடுத்துக் கொடுத்த மிதவைகள் அத்தனையும் குவிந்து கிடந்தன. மேலே பூனை ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. கரைக்கு ஓடிப் பார்த்தாள். தூரத்தில், கடைசி வரிசைகள் இருக்க வேண்டிய இடத்தில், முனைப் பீப்பாய்கள் மட்டும் தெரிந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். தரை தட்டிவிட்டது, நட்சத்திர மீன் தின்றாகிவிட்டது, இரண்டு வரிசையும் போச்சு என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள், கூலியாட்கள், புருஷன். அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "உன்னால இந்த வீட்டுக்கு என்னடா பிரயோஜனம்? நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்!"

தினமும் திட்டுகிறவள்தான். ஆனால் இது அந்தத் திட்டு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீயைக் கூடக் குடிக்கவில்லை, அப்படியே பலகையில் வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் பையும் இல்லை, ஆளும் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில், பேருந்தில் போகிற தூரத்தில், ஒரு ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தகவல் வந்தது.

புருஷன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவள் பதிலுக்கு நாலு பேசியிருப்பாள், மனசு ஆறியிருக்கும். அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். காலையில் படகு எஞ்சினைப் போட்டுவிட்டு, வீட்டுப் பாதையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு கயிற்றை அவிழ்ப்பார். அவள் தினமும் அதைப் பார்ப்பாள். வாயைத் திறந்து, "போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கறார் அக்கா என்றால் சும்மாவா?

அப்புறம் வந்தது பாருங்கள் வெயில். காற்று செத்துப்போனது. விரிகுடாத் தண்ணீர் அசையாமல் பளபளவென்று கிடந்தது. கையை விட்டால் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. ஒருநாள் இறங்கும், ரெண்டு நாளில் இறங்கும் என்று பார்த்தார்கள். இறங்கவில்லை. சிப்பிகள் வாயைப் பிளந்தன. கயிற்றைப் பிடித்திருந்த பிடி விட்டுக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. கரை முழுக்க நாற்றம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் தேடி வந்து, "என்னக்கா செய்யலாம்?" என்று கேட்டார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் வரிசைகளில் மிதவை ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் கொடுமை. நூல் பிடித்த மாதிரி மேலேயே, வெந்நீரிலேயே, ஒழுங்காகத் தொங்கிச் செத்தன.

அடுத்த வருஷத்துக்குக் குஞ்சு வேண்டுமென்றால் இந்த விரிகுடாவில் உயிருள்ள தாய்ச் சிப்பி வேண்டும். அது முட்டை விட்டால்தான் குஞ்சு வந்து கயிற்றில் ஒட்டும். தாய் இல்லையென்றால் தொழிலே இல்லை. புருஷன் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினார்: "எல்லாத்தையும் கழட்டிடலாம். போதும்."

கழற்றினார்கள். உள்பக்கத்து வரிசைகள் முடிந்து கடைசியில் வாய்ப்பக்கம் போனபோது அவளுக்கு அங்கே பார்க்கவே பிடிக்கவில்லை. பீப்பாய்க்குப் பக்கத்தில் படகை நிறுத்திக் கயிற்றை உருளையில் மாட்டி இழுத்தார்கள். முதல் தொங்குகயிறு வந்தது. காலி ஓடுகள். அடுத்தது. அதுவும் காலி. "வெட்டி விடுங்க. இழுக்கறதே தண்டம்" என்றாள்.

"தண்டம்னாலும் கடல்ல போட்டுட்டுப் போக முடியாது. இழு" என்றார் அவர்.

இழுக்க இழுக்கக் கயிறு செங்குத்தாகக் கீழே போனது. தரை தட்டவில்லை. இரண்டு பீப்பாய்களும் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்திருக்க, நடுவில் மட்டும் ஊஞ்சல் மாதிரித் தொய்ந்து, ஆழத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உருளை முனகியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "என்னங்க, எதுலயோ மாட்டிக்கிச்சு" என்று அவள் கத்தினாள்.

மாட்டிக்கொள்ளவில்லை. கனம். தண்ணீரை விட்டு மேலே வந்த தொங்குகயிறு கறுப்பாக, தடியாக, சொட்டச் சொட்ட வந்தது. கண்ணில் பட்ட சிப்பியெல்லாம் இறுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அந்த வெயிலில், அந்தச் சில்லிப்பு கையில் பட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்ததும் உயிரோடு இருந்தது. அதற்கடுத்ததும். நடுப்பகுதி மொத்தமும் உயிரோடு இருந்தது. புருஷன் உருளையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அந்தத் தடியன்..." என்றார். சிரித்தாரா அழுதாரா என்று அவளுக்கே தெரியவில்லை.

"விடுங்க, விடுங்க, மறுபடியும் கீழயே விடுங்க! மேல வெச்சா வெந்துடும்!" என்று பதறினாள் அவள். மெல்ல மெல்ல, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, திரும்ப இறக்கினார்கள்.

நிலையத்துப் பெண் மறுநாளே வெப்பமானிக் கயிற்றோடு வந்தாள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அந்தக் கணக்கில் ஒவ்வொரு பாகமாக இறக்கினாள். முதல் பாகம், இரண்டு, மூன்று, எல்லாம் ஒரே சூடு. நாலில் கொஞ்சம் குறைந்தது. ஐந்தில் சட்டென்று குளிர்ந்தது. "மேல கம்பளி போத்தின மாதிரி சூடு நிக்குதுக்கா. காத்து இல்லாததால கீழ இருக்கிற குளிர்ந்த தண்ணியோட கலக்கவே இல்ல. உங்க கயிறு அந்தக் கம்பளிக்குக் கீழ போயிடுச்சு."

"அப்போ எல்லாத்தையும் கீழ இறக்கிட்டா?"

"உள்பக்கம் அவ்வளவு ஆழம் இல்லையே, தரை தட்டிடும். இங்கயும் கீழ தீனி கம்மி. பாருங்க, சிப்பி பொழைச்சிருக்கு, ஆனா இளைச்சிருக்கு. வெயில்ல இறக்கி, குளிர்ந்ததும் ஏத்தணும். அந்தக் கம்பளியும் வருஷா வருஷம் தடிச்சுக்கிட்டே போகுது, அதையும் சொல்லிடறேன். ஆனா இந்த வருஷத்துக்கு உங்களுக்குத் தாய் இருக்கு. உங்களுக்கு மட்டும் இல்ல, இந்த விரிகுடாவுக்கே."

இதை அந்தப் பெண் சொன்னபோது கறார் அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் பாதைப் பக்கம் போனது. சிப்பி கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் ஓர் ஆள் குறைகிறானே. அவன் திரும்பி வராமல் இந்தச் சிப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வளர்த்து யாரைத் திட்ட? மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறினாள்.

ஐஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் ஒரே இரைச்சல். ஈரத் தரையில் பனிக்கட்டிகள் சறுக்கிக்கொண்டு வந்தன. கொக்கியால் இழுத்துப் பொடிசெய்கிற இயந்திரத்தில் தள்ளிக்கொண்டிருந்தான் அவன். ரப்பர் பூட்ஸ், கம்பளித் தொப்பி. கன்னம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கொக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். ஆமாம், ஓடி வந்தான்.

"என்ன அண்ணி? அண்ணனுக்கு ஏதாவது..."

"அண்ணனுக்கு ஒண்ணும் இல்லடா. கல்லு மாதிரி இருக்காரு."

பேருந்தில் வரும்போது அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குள் யாராவது யாருக்காவது நன்றி சொல்வார்களா? அந்த வார்த்தையெல்லாம் மேடையில் பேசுகிறவர்களுக்கு. ஆனாலும் அவள் சொல்லிவிட்டாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிற மாதிரி:

"உனக்கு நன்றி சொல்லலாம்னு வந்தேன்."

அவன் முகம் வெளுத்துப்போனது. "அண்ணி, உடம்பு ஏதும் சரியில்லையா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"அடச்சீ, வாயக் கழுவு!" என்றாள் அவள். அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். வெந்நீர், நாற்றம், காலி ஓடுகள், தொய்ந்த கயிறு, கையில் பட்ட சில்லிப்பு. சுற்றியிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

அவன் காது சிவந்துபோனது. "அண்ணி, உண்மையச் சொல்லிடறேன். எனக்குச் சூடும் தெரியாது, ஆழமும் தெரியாது. சோம்பேறித்தனத்துல விட்டதுதான். என்னைப் போய்ப் பெரிய மனுஷன் ஆக்காதீங்க."

"தெரியும்டா. உன்னை வளர்த்தவளுக்குத் தெரியாதா? நீ பெரிய மனுஷன்னு யாரு சொன்னா? சோம்பேறிக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன். உன் சோம்பேறித்தனத்துக்கு நன்றி. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நான் பேசின பேச்சுக்கு அப்புறமும், இப்ப ஓடி வந்தியே, அதுக்கும்."

அவன் கீழே பார்த்தான். "இங்க நல்லாத்தான் இருக்கு அண்ணி. யாரும் திட்டறதில்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சரி, இவன் வர மாட்டான். நான் பேசினதுக்கு எதற்கு வருவான்? முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இரு. அதுதானே வேணும். நான் கூப்பிட வரல, சொல்லிட்டுப் போக வந்தேன்" என்று திரும்பி நடந்தாள். ஈரத் தரையில் கால் வழுக்கியது. யாரையும் பிடித்துக்கொள்ளாமல் சமாளித்துக்கொண்டாள்.

வாசல் வரைக்கும் போயிருப்பாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, அந்த வரிசையில இப்ப எத்தனை மிதவை கட்டியிருக்கீங்க?"

"ஒண்ணும் கட்டல" என்றாள் திரும்பாமலே. "தொட பயமா இருக்குடா. எவ்வளவு தூக்கணும், எப்பத் தூக்கணும், எனக்கு ஒண்ணும் புரியல. தப்பாத் தூக்கிட்டேன்னா மிச்சமும் போயிடும்."

அவள் வாயில் 'எனக்குப் புரியல' என்பது வந்ததே இல்லை. அவன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தான். ரப்பர் பூட்ஸை ஒவ்வொன்றாக உதறிக் கழற்றி, சுவரோரமாக வைத்தான். வெறுங்காலோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

மேஸ்திரி உள்ளேயிருந்து வந்தார். "எங்கப்பா கிளம்பிட்ட? நாளைக்கு வருவியா, மாட்டியா?"

அவன் அண்ணியைப் பார்த்தான். சின்னப் பிள்ளையில் வாத்தியார் முன்னால் நிற்கவைத்தபோது பார்த்த அதே பார்வை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வர மாட்டான்ங்க" என்றாள் மேஸ்திரியிடம், இயந்திர இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று கத்தியே சொன்னாள். "எங்களுக்கு அவன் வேணும்."